பன்னிரண்டு மேஜைக்காரன்

சூதாடி வீட்டை இழந்தவன், வாசலை இழந்தவன் கதையெல்லாம் கேட்டுக் கேட்டு நமக்குப் புளித்துப்போய்விட்டது. மாரிசாமி அந்த ரகம் இல்லை. அவன் தோற்கவே இல்லை. 2004-இல் ஆட ஆரம்பித்து மூன்று வருடத்தில் தோற்ற மாதங்கள் என்று நான்கைத்தான் காட்ட முடியும். அந்த நான்கையும் அவனே எக்செல் ஷீட்டில் சிவப்பு அடித்து வைத்திருந்தான். தோற்றிருந்தால் மனைவி ஸ்வர்ணா நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பாள், மச்சான்மார் கூடிப் பேசியிருப்பார்கள், அவனும் ஒருவேளை மனுஷனாகியிருப்பான். ஜெயித்துக்கொண்டே இருக்கிறவனை யார் என்ன செய்ய முடியும்?

சாத்தூர்க்காரன். கோவில்பட்டியில் இன்ஜினியரிங் முடித்து, சென்னையில் மூன்று வருடம் குப்பை கொட்டிவிட்டு, 2000-இல் அமெரிக்கா வந்தவன். ஜெர்சி சிட்டியில் நியூபோர்ட் பக்கம் பதினோராவது மாடியில் வாடகைக்கு இருந்தான். ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு வங்கியில் கான்ட்ராக்ட் வேலை. காலையில் ஏழரை ரயில், சாயங்காலம் ஆறேகாலுக்கு வீடு, ஆறே முக்காலுக்கு நாற்காலி. ஆறேகாலுக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவே உள்ள அரை மணி நேரம்தான் குடும்பத்துக்கு. அதற்குள் சாப்பாடு, குளியல், மகள் யாமினியின் ஸ்கூல் பேப்பர், ஸ்வர்ணா சொல்ல நினைத்தது எல்லாம் முடிந்தாக வேண்டும்.

அவன் ஆடியது இன்டர்நெட் போக்கர். ஒரு மேஜைக்கு ஒன்பது பேர், ஆளுக்கு இரண்டு சீட்டு. நன்றாக இருந்தால் காசைப் போட்டுத் தொடரலாம், இல்லாவிட்டால் ஃபோல்ட், அதாவது நம்மூர் ரம்மியில் ஸ்கூட் விடுவது மாதிரி சீட்டைக் கீழே போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம். ஒரு மேஜையில் மட்டும் உட்கார்ந்தால் பெரும்பாலும் சும்மா இருப்பதுதான் வேலை. அதனால் கெட்டிக்காரர்கள் ஒரே நேரத்தில் பல மேஜைகளில் உட்காருவார்கள். மாரிசாமி இரண்டு பெரிய மானிட்டர்களில் எட்டு மேஜை விரித்திருந்தான். எட்டிலும் மாறி மாறி முறை வரும். ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நொடிதான். அதற்குள் முடிவு செய்யாவிட்டால் மணி அடிக்கும், பிறகு கம்ப்யூட்டரே அவன் சீட்டைக் கீழே போட்டுவிடும்.

இதற்கு மூளை வேண்டியதில்லை, ஒழுக்கம்தான் வேண்டும் என்பது அவன் சித்தாந்தம். டிசிப்ளின், டிசிப்ளின் என்று அந்த வார்த்தையை அவன் சொல்லும்போது ஏதோ அதை அவன்தான் பெற்று வளர்த்துக் காதுகுத்தியதுபோல இருக்கும். நூறு கை வந்தால் எண்பத்தைந்தை யோசிக்காமல் கீழே போடு. உட்காரும் முன் பாத்ரூம் போய்விடு. செல்போனை அணைத்துவிடு. மெயில் பார்க்காதே. வயிறு முட்டச் சாப்பிடாதே, தயிர்சாதம் கூடவே கூடாது. கோபம் வந்தால் எழுந்துவிடு. ஆட்டம் நடக்கும்போது ஆட்டத்தைத் தவிர வேறு எதைப் பற்றியும் முடிவெடுக்காதே. இவற்றையெல்லாம் டைப் அடித்து, வங்கியின் மெஷினிலேயே லேமினேட் செய்து, சுவரில் மாட்டியிருந்தான். பக்கத்தில் சிவகாசியிலிருந்து மாமனார் அனுப்பிய நாள்காட்டி. அதிர்ஷ்டம் என்று ஒன்று கிடையவே கிடையாது, எல்லாம் கணக்கு என்று ஊருக்கெல்லாம் உபதேசிக்கிற இந்த மகான், ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு வரை மட்டும் புது மேஜை திறக்க மாட்டான். ராகு காலம். அது இந்திய நேரமா அமெரிக்க நேரமா என்ற குழப்பத்தில் இரண்டு வாரம் தூங்காமல் கிடந்து, அமெரிக்கச் சூரியனுக்கு அமெரிக்க ராகுதான், கோடையில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பும் சொல்லிக்கொண்டான்.

உலகத்தில் அவனுக்கு இரண்டே ஜாதி. டிசிப்ளின் உள்ளவர்கள் ஒன்று, ஃபிஷ் இன்னொன்று. போக்கர்க்காரர்கள் இளிச்சவாயனை அப்படித்தான் சொல்வார்கள். மீன், தானாக வந்து வலையில் விழுகிறவன். முதல் ஜாதியில் மாரிசாமியைத் தவிர வேறு யாராவது இருந்ததாகத் தெரியவில்லை. விருதுநகரில் பிளாட் வாங்கிய மச்சான் ஃபிஷ். கோயில் உண்டியலில் இருபது டாலர் போட்டவன் ஃபிஷ். ஆபீஸில் புரமோஷனுக்காக மேனேஜர் பின்னால் அலைகிறவன் ஃபிஷ். பன்னிரண்டாவது மாடியில் இருந்த ராமசுப்ரமணியன்தான் எல்லா மீனுக்கும் தலைவன். தினம் மூன்று தடவை கிரீன் கார்டு வக்கீல் ஆபீசுக்குப் போன் போட்டு "ஏதாவது நியூஸ் உண்டா?" என்று கேட்கிற பயந்தாங்கொள்ளி என்பது மாரிசாமியின் கணிப்பு.

ஸ்வர்ணா எந்த ஜாதி என்று அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை.

அவள் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி, பி.எட். கல்யாணத்துக்கு முன் சிவகாசியில் ஒரு மெட்ரிக் ஸ்கூலில் நான்கு வருடம் ப்ளஸ் டூவுக்குப் பாடம் எடுத்தவள். அமெரிக்காவில் அவள் பெயர் டிபென்டன்ட். கணவன் விசாவில் தொங்கிக்கொண்டு வந்தவள், எனவே பத்து பைசாவுக்கு வேலை செய்யக்கூடாது. ஏழு வருடமாகச் சமைத்தாள், துணி மடித்தாள், யாமினியைப் பெற்றாள், லைப்ரரியில் ஓசியில் கிடைத்த எல்லா கோர்ஸையும் முடித்தாள். ஜர்னல் ஸ்கொயர் பக்கத்தில் டேகேர் நடத்தும் ஓர் அம்மாள் மூன்று வருடமாக அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், "கார்டு வந்த மறுநாள் வா, உனக்கு இடம் வைத்திருக்கிறேன்" என்று. அந்தக் கார்டுதான் ஸ்வர்ணாவின் உயிர்நாடி. கிரீன் கார்டு எப்போதோ வரட்டும். அதற்கான கடைசி மனுவைப் போட்டுவிட்டாலே போதும், மூன்று மாதத்தில் வேலை செய்ய அனுமதிக் கார்டு கைக்கு வந்துவிடும். ஆனால் மனுவை நினைத்த நேரத்தில் போட முடியாது. இந்தியர்களின் வரிசை நீளமானது. நம் தேதி வந்துவிட்டது என்று அரசாங்கம் அறிவிக்கிற மாதத்தில்தான் போட முடியும். அதற்குத்தான் ஊர் மொத்தமும் 'டேட் கரண்ட் ஆகிறது' என்று சொல்லும்.

2007 ஜூன் மாதம் அந்த அதிசயம் நடந்தது. ஜூலையில் எல்லாருக்கும் தேதி கரண்ட் என்று அறிவிப்பு வந்தது. ஜெர்சி சிட்டித் தமிழர்கள் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போவதுபோல டாக்டர்களிடம் ஓடினார்கள். மனுவோடு மருத்துவச் சான்றிதழ் வைக்க வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், காசநோய்ச் சோதனைக்குக் கையில் ஊசி குத்திக்கொள்ள வேண்டும். சின்ன வயதில் பிசிஜி போட்ட நம்மவர்கள் கையெல்லாம் வீங்கும். வீங்கினால் எக்ஸ்ரே. ஸ்வர்ணா எல்லாவற்றையும் தானே செய்தாள். அவளுடைய பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை, 'பெண் குழந்தை' என்று மட்டும்தான் இருந்தது. அப்பாவையும் பெரியப்பாவையும் சிவகாசியில் நோட்டரியிடம் உட்காரவைத்துச் சத்தியப் பத்திரம் எழுதி வாங்கி கூரியரில் வரவழைத்தாள். ஒரே தம்பியின் கல்யாணம் ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில் வைத்திருந்தார்கள். வரமுடியாது என்று சொல்லிவிட்டு பாத்ரூமில் போய் அழுதாள். மாரிசாமி செய்தது கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டதுதான். அதுவும் ஆறே முக்காலுக்கு முன்னால் நீட்டினால் மட்டும்.

ஜூலை இரண்டாம் தேதி திங்கட்கிழமை. இடம் எல்லாம் தீர்ந்துவிட்டது, யாரும் மனுப் போட வேண்டாம் என்று அரசாங்கம் கையை விரித்துவிட்டது. கட்டுக் கட்டாகத் தயாராகியிருந்த பேப்பர்கள் வக்கீல் ஆபீஸ்களில் அப்படியே நின்றுபோயின.

ஊரே கொதித்தது. கேஸ் போடுவோம் என்றார்கள் சிலர். இன்னும் சிலர் நம் நாட்டு அகிம்சை வழியில், குடியேற்றத்துறை அதிகாரிக்கு ஆளுக்கொரு பூங்கொத்து அனுப்பி மனதைக் கரைப்போம் என்று கிளம்பினார்கள். நம்புங்கள், உண்மையிலேயே அனுப்பினார்கள். ராமசுப்ரமணியன் முப்பது டாலருக்கு ரோஜாப்பூ ஆர்டர் செய்துவிட்டு, அதைச் சொல்லவே படியிறங்கி வந்தான்.

"மாரி, நீயும் ஒண்ணு அனுப்பேன். நம்பர் கூடினா பேப்பர்ல வரும், டிவியில வரும்."

"கவர்மென்ட்டுக்கு ரோஜாப்பூ" என்று மாரிசாமி சிரித்தான். "ராமு, நீ போக்கர் ஆட வாயேன். உன்ன மாதிரி ஆளுங்கதான் எங்களுக்கு வேணும்."

ராமசுப்ரமணியன் ஒரு மாதிரியாகச் சிரித்துவிட்டுப் போனான். கதவைச் சாத்திவிட்டு வந்த மாரிசாமி, எப்படி ஒரு மீனை வாயடைத்தேன் பார் என்கிற முகத்தோடு ஸ்வர்ணாவிடம் பேச ஆரம்பித்தான். மணி ஆறு இருபத்தைந்து.

"உன் தம்பி கல்யாணத்துக்கு டிக்கெட் போடறேன். ஞாயித்துக்கிழமை கிளம்பு. யாமினிக்கும் லீவுதானே."

அவளுக்கு ஒரு கணம் முகம் மலர்ந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. அப்புறம்தான் யோசித்தாள். "ரெண்டு வாரம் வெயிட் பண்ணிப் பார்ப்போமேங்க. மேல் வீட்டுல சொல்றாங்க, திரும்பவும் ஓப்பன் பண்ண சான்ஸ் இருக்காம். நான் போயிட்டா விசா ஸ்டாம்பிங் பண்ணாம திரும்ப முடியாது. பழைய ஸ்டாம்ப் எக்ஸ்பையர் ஆகி ரெண்டு வருஷமாச்சு."

"இதப் பாரு ஸ்வர்ணா. கையில ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்ச பிறகும் அடுத்த சீட்டு வரும், அடுத்த சீட்டு வரும்னு உக்காந்திருக்கறவன் யாரு? ஃபிஷ். எமோஷனை டெசிஷன்ல கலக்கக் கூடாது. இது தோத்த கை. ஃபோல்ட் பண்ணு. நிம்மதியா கல்யாணத்துக்குப் போ."

"ஒருவேளை ஓப்பன் ஆயிட்டா? மனுப் போடற அன்னைக்கு நான் இங்க இருக்கணுமே."

"ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணும் ஓப்பன் ஆகாது. எழுதித் தரட்டுமா?"

எழுதித் தந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கலாம். ஆனால் ஆறே முக்கால் ஆகிவிட்டது, அவன் எழுந்து போய்விட்டான். ஏழு வருடமாக எல்லாவற்றையும் கணக்குப் போட்டுச் சொல்கிற புருஷன் சொல்கிறான், தம்பி கல்யாணமும் கண்ணில் நிற்கிறது. ஸ்வர்ணா பெட்டி கட்டினாள். சென்னை அமெரிக்கத் தூதரகத்தில், பாஸ்போர்ட்டில் புது விசா முத்திரை வாங்குகிற அந்த ஸ்டாம்பிங்குக்கு ஆகஸ்ட் இருபத்தெட்டுக்குத்தான் தேதி கிடைத்தது.

அவர்கள் போன பிறகு வீடு அமைதியானது. "ஆர் யூ டன், அப்பா?" என்று அரை மணிக்கு ஒரு தரம் கதவைத் தட்டுகிற ஐந்து வயதுக் குரல் இல்லை, மிக்சி சத்தம் இல்லை. ஒருவன் மனைவி மக்களை நினைத்து ஏங்குவான், அல்லது நண்பர்களைக் கூப்பிட்டு பீர் குடிப்பான். மாரிசாமி மேஜைகளை எட்டிலிருந்து பன்னிரண்டாக்கினான். அந்த ஜூலையில் அவன் ஆடுகிற சைட்டில் ஒரு போனஸும் அறிவித்திருந்தார்கள். முப்பது நாளைக்குள் நாற்பதாயிரம் கை ஆடி முடித்தால் கிடைக்கும். தினசரி இலக்கைப் போட்டு, அதைப் பன்னிரண்டால் வகுத்து, ஒரு தாளில் எழுதி, அதையும் சுவரில் ஒட்டினான். நல்ல புருஷன் என்று யாரும் அவனுக்குப் பரிசு கொடுக்கவில்லை, ஆகவே அந்தப் பக்கம் அவன் இலக்கு வைத்துக்கொள்ளவில்லை.

ஜூலை பதினேழு, செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஏழு மணி. பன்னிரண்டு மேஜையும் ஓடிக்கொண்டிருந்தன. கதவு இடிபட்டது.

"மாரி! மாரி! ஓப்பன் பண்ணு! டேட் திரும்ப வந்துடுத்து! ஆகஸ்ட் பதினேழு வரைக்கும் எல்லாரும் ஃபைல் பண்ணலாம்! மாரி, உள்ளதானே இருக்கே?"

மாரிசாமிக்குக் காது நன்றாகவே கேட்கும். ஒவ்வொரு வார்த்தையும் விழுந்தது. இதயம் ஒருமுறை தூக்கிப் போட்டது என்பதும் உண்மை. அவன் என்ன செய்தான் தெரியுமா? மூன்றாவது மேஜையில் ஒரு கையையும் ஒன்பதாவது மேஜையில் ஒரு கையையும் கீழே போட்டான். ஆட்டம் நடக்கும்போது வேறு எதைப் பற்றியும் முடிவெடுக்காதே. ராமசுப்ரமணியன் இன்னும் இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு மாடியேறினான். பூ அனுப்பிய மீனின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை என்பதில் மாரிசாமிக்குக் கொஞ்சம் ஆறுதல்கூட இருந்தது.

மறுநாள் காலை ரயிலுக்குக் கிளம்பும்போது ஸ்வர்ணா கூப்பிட்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இரவோடு இரவாக வக்கீல் ஆபீசுக்கு மெயில் போட்டு, என்ன வழி என்று கேட்டும் வைத்திருந்தாள்.

"தூதரகத்துல அவசர அப்பாயின்ட்மென்ட் கேக்கலாம்னு சொல்றாங்க. உங்க கம்பெனி லெட்டர் வேணும், அதுக்கு நீங்க ஒரு பேப்பர்ல சைன் பண்ணணும். வக்கீல் ஆபீஸ்ல உங்களுக்கு மெயில் பண்ணிட்டாங்க. பிரின்ட் எடுத்து, சைன் பண்ணி, ஃபேக்ஸ் பண்ணிடுங்க. ஒரே ஒரு கையெழுத்து. இன்னைக்கே பண்ணிடுவீங்கல்ல?"

"பண்றேன், பண்றேன். ஒரு மாசம் இருக்குல்ல, டென்ஷன் ஆகாதே."

"இன்னைக்கேங்க."

"சரி."

அவன் மறக்கவில்லை. மறந்திருந்தால்கூட மனுஷன் என்று மன்னித்துவிடலாம். ஒவ்வொரு நாளும் நினைவிருந்தது, ஒவ்வொரு நாளும் முறையோடு தள்ளிவைத்தான். வங்கியில் சொந்த வேலைக்கு ஃபேக்ஸ் மெஷினைத் தொடக்கூடாது. லேமினேட் மெஷினைத் தொடலாம்போல. வீட்டு பிரின்டரில் இங்க் இல்லை. தெருமுனைக் கடையில் ஒரு டாலர் கொடுத்தால் பிரின்டும் ஃபேக்ஸும் ஆகிவிடும், ஆனால் போய் வர இருபத்தைந்து நிமிடம், ஆறே முக்காலுக்கு நாற்காலியில் இருக்க முடியாது. புதன் போயிற்று, வியாழன் போயிற்று. சனிக்கிழமை நிதானமாகச் செய்யலாம் என்றால் சனி, ஞாயிறுதான் மீன்கள் கூட்டமாக வருகிற நாள். ஸ்வர்ணா வியாழன் கூப்பிட்டாள், சனி கூப்பிட்டாள், திங்கள் இரண்டு முறை கூப்பிட்டாள். போன் அணைந்திருந்தது. காலையில் பிடித்தால் "இன்னைக்குப் பண்ணிடறேன்" என்றான். பொய் சொல்வதாக அவனுக்குத் தோன்றவே இல்லை. தினமும் உண்மையாகவே இன்றைக்குச் செய்துவிடலாம் என்றுதான் நினைத்தான். பதினைந்து நொடியில் முடிவெடுக்கப் பழகியவனுக்கு இருபத்தைந்து நிமிட வேலை ஒன்பது நாள் ஆயிற்று.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். அமெரிக்க அரசாங்கமே மனம் இரங்கி இரண்டாம் முறை கதவைத் திறந்தது. தெருமுனைக் கடை வரை நடக்க மாரிசாமிக்குத்தான் நேரம் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை, ஜூலை இருபத்தாறு, ஃபேக்ஸ் போனது. கம்பெனி லெட்டர் கொடுத்தது. தூதரகத்தில் கொடுத்த தேதி ஆகஸ்ட் இருபது. மனுப் போடக் கடைசி நாள் ஆகஸ்ட் பதினேழு.

ஸ்வர்ணா அதைப் போனில் சொன்னபோது குரல் உயரவில்லை. "போன வாரமே குடுத்திருந்தா எட்டாந்தேதி காலியா இருந்துச்சாம். வக்கீல் ஆபீஸ்ல இருக்கற பொண்ணு சொன்னா."

அந்த நேரத்தில் மாரிசாமி 'தப்புப் பண்ணிட்டேன்' என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையை இப்படிச் சொல்ல வேண்டியிருக்காது. தொண்டை வரைக்கும் வந்தது என்றுகூட வைத்துக்கொள்ளலாம். ஆனால் போக்கர்க்காரர்களிடம் ஒரு தைலம் உண்டு, எந்தக் காயத்துக்கும் தடவலாம். அதை எடுத்துத் தடவினான்.

"அன்னைக்கு இருந்த இன்ஃபர்மேஷனுக்கு நாம எடுத்த டெசிஷன் கரெக்ட்தான் ஸ்வர்ணா. ரிசல்ட் நம்ம கையில இல்லை. லாங் ரன்ல சரியாயிடும்."

"நாமளா?" என்றாள் அவள். பிறகு யாமினிக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் மாரிசாமியின் மனு மட்டும் தனியாகப் போனது. ஸ்வர்ணா கட்டி வைத்த ஃபைலில் அவளுடைய பங்கை மட்டும் உருவி, எக்ஸ்ரேயும் சத்தியப் பத்திரமுமாக, வக்கீல் ஆபீஸ் தபாலில் திருப்பி அனுப்பியது. ராமசுப்ரமணியன் வீட்டில் அவன், மனைவி, இந்தியாவில் பிறந்த இரண்டு பிள்ளைகள், நான்கு பேரும் போட்டார்கள். அந்த ஞாயிறு அவர்கள் வீட்டில் பாயசம். மாரிசாமிக்கும் ஒரு டப்பாவில் கொடுத்தனுப்பினார்கள், அவன் குடித்தான். பதினேழாம் தேதி கதவு மூடியது. மனுப் போடாதவர்களுக்கு இனி எப்போது என்று வக்கீலிடம் கேட்டதற்கு, "ஐந்து வருடம், பத்து வருடம், யார் கண்டது?" என்று பதில் வந்தது. வேலை செய்ய அனுமதிக் கார்டு இனி மாரிசாமிக்கு வரும். ஏற்கெனவே வேலையில் இருக்கிறவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வானோ தெரியாது. போனஸ் மட்டும் குறித்த நாளுக்கு ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. அதில் முதுகு வலிக்காத நாற்காலி ஒன்று வாங்கினான்.

ஆகஸ்ட் பிறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அங்கே ராத்திரி ஏழரைக்கு, வாராவாரம் பேசுவது என்று ஏற்பாடு. ஞாயிறு காலை நல்ல மீன் நேரம். அதை விட முடியாது. மனைவி அழைப்பையும் விட முடியாது, அவ்வளவு மோசமானவன் இல்லை. ஆகவே செல்போன் விதிக்கு அந்த நேரத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, மானிட்டருக்குக் கீழே வைத்து, அதைப் பதின்மூன்றாவது மேஜையாகச் சேர்த்துக்கொண்டான். அவள் குரல் நின்றால் அவன் முறை வந்துவிட்டது என்று அர்த்தம். "ம்", "அப்படியா", "சரி" என்ற மூன்றில் ஒன்றைப் போட்டால் ஆட்டம் தொடரும். இந்த ஏற்பாட்டில் அவனுக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஆகஸ்ட் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. சரியாகப் பத்துக்குப் போன் மணி அடித்தது.

"ஸ்டாம்பிங் ஆயிடுச்சுங்க. பாஸ்போர்ட் வந்திடுச்சு."

"ம்."

"முப்பதாந்தேதி டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டேன்."

"சரி."

நான்கு மேஜைகளில் நான்கு கை கீழே விழுந்த பிறகுதான் அது மண்டையில் ஏறியது. "என்னது? கேன்சலா?"

"பழைய ஸ்கூல்ல ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரிக்கு ஆள் இல்லாம ரெண்டு மாசமா தவிக்கறாங்க. போய்ப் பார்த்தேன். நாளைக்கே ஜாயின் பண்ணச் சொல்லிட்டாங்க. யாமினியையும் அங்கயே ஒண்ணாங்கிளாஸ்ல சேர்த்தாச்சு."

"இரு, இரு. ஒரு நிமிஷம். இந்தக் கை ஒண்ணு முடியட்டும்."

அவள் காத்திருந்தாள். அதைத்தான் சொல்ல வேண்டும். தன் வாழ்க்கையைப் பற்றி ஏழு வருடத்தில் அவள் தானாக எடுத்த முதல் முடிவைச் சொல்லிவிட்டு, யாரோ எட்டுப் பேரோடு அவன் ஆடுகிற ஓர் ஆட்டம் முடியட்டும் என்று ஸ்வர்ணா போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் குக்கர் விசில் கேட்டது. யாமினி யாருக்கோ இங்கிலீஷில் எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள், யாரோ சிரித்தார்கள்.

"முடிஞ்சுதா?"

"ம், ஆச்சு. ஸ்வர்ணா, நீ கோபத்துல இருக்க. இது எமோஷனல் டெசிஷன். இங்க வா, நிதானமா உக்காந்து..."

"கோபம் போன மாசமே தீர்ந்து போச்சுங்க. நிதானமாத்தான் சொல்றேன். அங்க வந்து நான் என்ன பண்ணப் போறேன்? ஆறேகால்லேருந்து ஆறே முக்கால் வரைக்கும் உங்க கூடப் பேசறதுக்கா? அதைப் போன்லயே பேசிக்கலாம். எனக்கு வேலை பார்க்கணும். எனக்குப் பாடம் எடுக்கத் தெரியும்."

"அப்ப கிரீன் கார்டு?"

"உங்களுக்கு வரட்டும். சந்தோஷம். என் டேட் என்னைக்கு கரண்ட் ஆகுதோ அன்னைக்குச் சொல்லுங்க, வர்றேன்."

"அது பத்து வருஷம் ஆகும்டி!"

"தெரியும்" என்றாள். "உங்களுக்கு மணி அடிக்குது பாருங்க. நீங்க ஆடுங்க." வைத்துவிட்டாள்.

மாரிசாமி கோபப்படவில்லை. கோபம் வந்தால் எழுந்துவிட வேண்டும், எழுந்தால் பன்னிரண்டு மேஜையும் போய்விடும். திரும்பக் கூப்பிடலாம் என்று நினைத்தான், ஆட்டம் முடிந்ததும் கூப்பிடுவது என்று வைத்துக்கொண்டான். நெஞ்சுக்குள் எதுவோ கனமாக உட்கார்ந்திருந்தது. அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வலது மானிட்டரைப் பார்த்தான், இடது மானிட்டரைப் பார்த்தான். அப்போதுதான் கவனித்தான். பத்து நிமிடத்துக்கு மேல் பேசியிருக்கிறான். அந்தப் பத்து நிமிடத்தில் பன்னிரண்டு மேஜைகளிலும் ஒரு கைகூட நேரம் தவறிப் போகவில்லை. ஒரு கிளிக் தப்பாக விழவில்லை. அவள் யாமினியை ஸ்கூலில் சேர்த்துவிட்டேன் என்று சொன்ன அந்த நொடியில்கூட, ஏழாவது மேஜையில் இரண்டு ராஜாவைக் கையில் வைத்திருந்தும், எதிராளியிடம் அதைவிடப் பெரிய சீட்டு இருக்கிறதென்று மோப்பம் பிடித்துக் கீழே போட்டிருக்கிறான். வேறு எவனாக இருந்தாலும் அந்த இடத்தில் மொத்தக் காசையும் விட்டிருப்பான். உலகத்தில் எத்தனை பேரால் இது முடியும்?

இதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது. புது நாற்காலியில் அப்படியே சுழன்று, "ஸ்வர்ணா, இங்க வந்து பாரேன்" என்று கூப்பிட்டான்.

ஹாலில் யாரும் இல்லை. எட்டாவது மேஜையில் அவன் முறை வந்து மணி அடித்தது. திரும்பிக்கொண்டான்.